ஒரு துளி இரத்தத்தில் இருநூறு சோதனைகள்: ‘முடியாது’ என்று சொன்னவர்கள் எங்கே போனார்கள்?

சோதனைக்குழாய் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். விரல் நுனியில் ஒரு குத்து, நான்கு சொட்டு இரத்தம், பதினைந்து நிமிடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவு. பிழை வந்தால் செயற்கை நுண்ணறிவு தானே திருத்திக்கொள்ளும் என்றார். நிர்வாகத்தினர் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: “ஒரே நோயாளிக்கு விரலில் எடுத்த பொட்டாசியத்தையும் கை நரம்பில் எடுத்த பொட்டாசியத்தையும் ஒப்பிட்ட அட்டவணை இருக்கிறதா?” அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் மேலாளர் என்னைத் தனியே அழைத்து, “அக்கா, புதியது வரும்போது முதல் ஆளாகத் தடை போடாதீர்கள். எதிர்மறையாகப் பேசுகிறவர் என்று பெயர் வந்துவிடும்” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். விரலைக் குத்தினால் இரத்தம் தானாகக் கொட்டாது, பிதுக்க வேண்டும். பிதுக்கும்போது திசுவில் இருக்கும் நீரும் சேர்ந்து வரும், சிவப்பணுக்களும் உடையும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். சில அணுக்கள் உடைந்தாலே போதும், 4.2 இருக்க வேண்டிய இடத்தில் 6 என்று காட்டும். சிறுநீரக நோயாளிக்கு 6 என்று எழுதினால் மருத்துவர் ஓடி வருவார், இதயம் நின்றுவிடுமோ என்று மருந்து ஏற்றுவார். அதனால்தான் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் எடுக்கிறோம். நோயாளி திட்டுவார், வாங்கிக்கொள்வோம். சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் விரல் இரத்தம் போதும், நாங்களே அப்படித்தான் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

இதே வாக்குறுதியை உலகம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டது. எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல், 19 வயதில், ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டுத் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல்நுனி இரத்தம், சில துளிகள், இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். முதலீட்டாளர்கள் 70 கோடி டாலருக்கும் மேல் கொட்டினார்கள். ஒரு கட்டத்தில் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். இயக்குநர் குழுவில் முன்னாள் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர்களான ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ், பின்னாளில் பாதுகாப்புத் துறைச் செயலாளரான ஜேம்ஸ் மாட்டிஸ் போன்றவர்கள் இருந்தார்கள். போரும் ராஜதந்திரமும் அறிந்தவர்கள். காலையில் ஆய்வகத்துக்கு வந்து கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டி, அது கோட்டுக்குள் விழுகிறதா என்று பார்த்துப் பழகிய ஆள் அந்த மேசையில் இருந்திருந்தால் முதல் மாதமே கேட்டிருப்பார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் தொடுத்த வழக்கின்படி, அவர்களுடைய சொந்த இயந்திரத்தில் செய்யப்பட்டவை ஏறத்தாழ 12 சோதனைகள்தான். மற்றவற்றை வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓட்டினார்கள். விரலில் எடுத்த கொஞ்ச இரத்தம் அவற்றுக்குப் போதாததால் அதை நீர்க்கச் செய்து, இயந்திரத்தையும் மாற்றியமைத்து ஓட்டினார்கள். நீர்க்க நீர்க்கப் பிழை பெருகும் என்பது எங்கள் பயிற்சி மாணவிக்குக்கூடத் தெரியும்.

என் கேள்வி இதுதான். அந்த நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் என்னைப்போல் ஆய்வகத்தில் நின்றவர்களும் இருந்தார்கள். ‘இது முடியாது’ என்று யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள் என்றால் அந்தச் சொல் எங்கே போனது?

வைகைக்கரை

சொன்னார்கள் அக்கா. எரிகா சியுங் கல்லூரி முடித்தவுடன் 2013-ல் அங்கே சேர்ந்தவர். நீங்கள் சொல்லும் அந்தக் கன்ட்ரோல் தவறுவதைப் பார்த்தார். ஒத்துவராத எண்களை ‘விலகிய புள்ளி’ என்று நீக்கிவிட்டு மீதியை வைத்து முடிவு கொடுத்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். டைலர் ஷுல்ட்ஸ் இயக்குநர் குழுவில் இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன். அவரும் ஹோம்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தாத்தாவிடமே போய்ச் சொன்னார். தாத்தா பேரனை நம்பவில்லை. பிறகு வழக்கறிஞர்களின் மிரட்டல். அதைச் சமாளிக்க அவர் குடும்பம் 4 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்தது. சொந்தத் தாத்தாவின் காதிலேயே ஏறாத சொல், மற்றவர்கள் சொல்லி எங்கே ஏறும்?

ஆனால் அந்த இருவரும்தான் பின்னர் பத்திரிகையாளர் ஜான் கேரிரூவுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் உண்மையைக் கொண்டுபோனார்கள். 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் முதல் கட்டுரை வந்தது. மூன்று ஆண்டுகளில் நிறுவனமே இல்லை.

சொல் எங்கே போனது என்று கேட்டீர்கள். நான் சென்னையில் மென்பொருள் துறையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களிடம் வாரந்தோறும் திட்ட நிலை அறிக்கை உண்டு. சரியாகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், கெட்டுவிட்டது என்றால் சிவப்பு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு திட்டத்துக்கு நான் சிவப்பு போட்டேன். என் குழுத் தலைவர், “சிவப்பு போட்டால் நாளைக்கே விளக்கக் கூட்டம் போடுவார்கள், மஞ்சளாக இருக்கட்டும்” என்றார். அவருக்கு மேலே இருந்தவர், மாத இறுதிக்குள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பச்சையாக்கினார். வாடிக்கையாளர் பார்த்தது பச்சையை. மூன்று பேரில் யாரும் பெரிய பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு படி நிறம் மாற்றினார்கள், அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்துத் திட்டம் கவிழ்ந்தது. அடுத்த சுற்று ஆட்குறைப்பில் என் பெயரும் இருந்தது. காரணமாக எழுதப்பட்டது, ‘குழு மனப்பான்மை குறைவு’.

அந்த நிறுவனத்தின் பொதுக்கூட்டங்களில் ‘நாம் ஒரு குடும்பம்’ என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார்கள். கடைசி நாளில் என் அணுகல் அட்டை காலை 11 மணிக்கே வேலை செய்யவில்லை. என் மதிய உணவுப் பை உள்ளே இருந்தது. காவலாளி ஒருவர்தான் போய் எடுத்துவந்து கொடுத்தார்.

தஞ்சைத்தறி

நான் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. தொழில்நுட்பம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கடன் மனு படிக்கத் தெரியும். ஒருவர் ‘அடுத்த ஆண்டு இவ்வளவு உற்பத்தி’ என்று எழுதி வந்தால், அந்தத் தேதியை யார் குறித்தார்கள் என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். தொழிற்கூடத்தில் நிற்பவர் குறித்த தேதியா, பணம் தேவைப்படுபவர் குறித்த தேதியா?

டெஸ்லா கார் நிறுவனத்தின் எலான் மஸ்க் 2016 அக்டோபரில் சொன்னார்: 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை ஒரு கார் யாரும் தொடாமல் ஓடிக் காட்டும். ஓடவில்லை. 2019 ஏப்ரலில், அடுத்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தானியங்கி டாக்சிகள் சாலையில் இருக்கும் என்றார். 2020 வந்து போனது. 2025 ஜூனில் ஆஸ்டின் நகரில் சில வண்டிகளுடன் சேவை தொடங்கியபோதும் முன்இருக்கையில் கண்காணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ‘முழுத் தானியங்கி ஓட்டம்’ என்ற பெயரில் அந்த வசதிக்கு முன்கூட்டியே பணம் வாங்கினார்கள். 2022-ல் அமெரிக்காவில் அதன் விலை 15,000 டாலர் வரை போனது. பொருள் முழுமையாகக் கைக்கு வருவதற்கு முன் வாங்கும் பணத்துக்கு எங்கள் கணக்கில் ‘முன்பணம்’ என்று பெயர். முன்பணம் கொடுத்தவனுக்கு நாள் தவறினால் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. இங்கே நாள் தவறத் தவறப் பங்கு விலை ஏறியது. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவே இல்லை, உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை

ஐயா, அதே 2016 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார், கார் தானே ஓடுகிறது என்ற வாசகத்தோடு தொடங்கும். அந்த நிறுவனத்தின் தானியங்கி ஓட்டப் பிரிவின் மென்பொருள் இயக்குநராக இருந்த அசோக் எல்லுசாமி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். விபத்து வழக்கு ஒன்றில் 2022-ல் அவர் அளித்த வாக்குமூலம் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் செய்தியாக வந்தது. அந்தப் பாதை முன்கூட்டியே முப்பரிமாண வரைபடமாக்கப்பட்டிருந்தது, வாடிக்கையாளர் வாங்கிய கார்களில் அந்த வசதி அன்று இல்லை, ஒத்திகையின்போது காரைத் தானாக நிறுத்த முயன்றதில் அது அலுவலக வளாக வேலியில் மோதியது, இவ்வளவும் அதில் இருக்கிறது. சத்தியம் செய்துவிட்டு அவர் உண்மையைச் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன். காணொளி வெளிவந்த நாளிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க முடியுமா என்பதுதான் அக்காவின் கேள்வி. எந்த அலுவலகத்திலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

மின்மினி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய கருவி நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். எங்களையும் ‘முடியாது’ என்று சொன்னவர்கள் நிறைய.

கேட்டலின் கரிக்கோவை நினைத்துப் பாருங்கள். எம்ஆர்என்ஏ (உடலின் அணுக்களுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) மருந்தாகும் என்று அவர் சொன்னபோது பணம் கொடுக்க ஆளில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995-ல் அவரைப் பதவி இறக்கியது. 2020-ல் அந்த ஆய்வின் மேல்தான் கொரோனா தடுப்பூசி நின்றது. 2023-ல் நோபல் பரிசு. எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்த மாடர்னா நிறுவனத்தையும் ‘இன்னொரு தெரனோஸ்’ என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எல்லோரும் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

ஓட்டுநர் இல்லாத கார் கனவு என்கிறீர்கள். 2004-ல் மொஹாவி பாலைவனத்தில் 240 கிலோமீட்டர் போட்டி நடந்தது. மிக அதிகமாக ஓடிய வண்டியே 12 கிலோமீட்டரைத் தொடவில்லை. அன்று எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். 2024 அக்டோபரில் கூகுளிலிருந்து பிறந்த வேமோ நிறுவனம் வாரத்துக்கு 1,50,000 கட்டணப் பயணங்களை ஓட்டுநர் இல்லாமல் நடத்தியது. சந்தேகப்படுபவர்கள் சொன்னதையும் தேதி போட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லவா?

பாலைவனவாசி

மின்மினி சொல்லும் வண்டியில் நான் போகிறேன். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் அருகே சாண்ட்லரில் 2012 முதல் குடியிருக்கிறேன். இந்த இழையில் பேசப்படுவது போன்ற கதைகளில் மூன்று எங்கள் ஊர்ப்பக்கம் நடந்தவை.

ஒன்று தெரனோஸ். வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளில் அவர்கள் வைத்த சுமார் நாற்பது இரத்தப் பரிசோதனை மையங்களில் பெரும்பாலானவை இங்கேதான். மருத்துவர் சீட்டு இல்லாமலே மக்கள் தாங்களாகச் சோதனை செய்துகொள்ளலாம் என்று 2015-ல் மாநிலம் சட்டமே மாற்றியது. அதற்கு அந்த நிறுவனமும் பாடுபட்டது. இங்கே 1,75,000-க்கும் மேற்பட்டவர்கள் சோதனை செய்துகொண்டார்கள். 2017-ல் மாநில அரசு வழக்கில் 46.5 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. எங்கள் தெருவில் சிலருக்குக் காசோலை வந்தது. சோதனைக்குக் கொடுத்த பணம் திரும்பியது. தவறான எண்ணைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் எத்தனை இரவு பயந்திருந்தார்கள் என்பதற்கு யாரும் காசோலை அனுப்பவில்லை. கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைகிறது என்று பொருள்படும் எண் வந்ததும், பிறகு அவர் நல்லபடியாகக் குழந்தை பெற்றதும் நீதிமன்றச் சாட்சியத்தில் இருக்கிறது.

இரண்டு, ஊபர். கலிபோர்னியா அனுமதிப் பத்திரம் கேட்டபோது, 2016 டிசம்பரில் தானியங்கிச் சோதனை வண்டிகளை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். எங்கள் ஆளுநர் வரவேற்றார். 2018 மார்ச் 18, ஞாயிறு இரவு பத்து மணியளவில், பக்கத்து நகரமான டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த எலைன் ஹெர்ஸ்பெர்க் மீது அந்த வண்டி மோதியது. 49 வயது. தானியங்கி காரால் பாதசாரி ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் விசாரித்துச் சொன்னதை நான் வரி வரியாகப் படித்தேன். மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே அவரை இயந்திரம் பார்த்துவிட்டது. ஆனால் ஒரு கணம் வாகனம் என்றது, ஒரு கணம் தெரியாத பொருள் என்றது, ஒரு கணம் சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற கணக்கும் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதே அதற்குக் கற்பிக்கப்படவில்லை. வால்வோ காரில் இயல்பாக இருந்த அவசர பிரேக்கை அணைத்து வைத்திருந்தார்கள். வண்டிக்குக் கண்காணிப்பு ஊழியர் இருவர் என்று இருந்ததைச் சில மாதங்களுக்கு முன் ஒருவராகக் குறைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடே போதவில்லை என்று வாரியம் எழுதியது.

நிறுவனத்தின் மேல் குற்றவியல் வழக்கு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பு ஊழியர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர் செய்தது தவறுதான். ஆனால் இரண்டாவது ஆளை எடுத்தவர் யார், பிரேக்கை அணைத்தவர் யார் என்று ஒரு பெயரும் குற்றப்பத்திரிகையில் வரவில்லை.

மூன்று, வேமோ. அது நன்றாகவே ஓடுகிறது தம்பி. அவர்களும் கூகுளாக இருந்த காலத்தில், 2012-ல், சாதாரண மக்கள் இதில் போகும் நாளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்பதை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்றார்கள். எட்டு ஆண்டுகள் ஆயின, அதுவும் எங்கள் ஊரைப்போல அகலச் சாலையும் மழையே இல்லாத வானமும் உள்ள ஒரு குறிப்பிட்ட பரப்பில். மெதுவாகப் போனார்கள், ஒரு பகுதி பழகிய பிறகு அடுத்த பகுதி. அந்த மெதுவான வேலைதான் இன்று என்னை விமான நிலையத்தில் கொண்டு விடுகிறது.

குமரித்தென்றல்

முதல் பதிவில் சொன்ன அந்த இயந்திரம் எந்த நிறுவனத்தினுடையது? பெயரைச் சொன்னால் எங்கள் ஊர் மருத்துவமனையையும் எச்சரிப்போம்.

நெறியாளர்

சரிபார்க்காத குற்றச்சாட்டில் நிறுவனத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ இங்கே போட வேண்டாம். இழை தொடரட்டும்.

சோதனைக்குழாய்

பெயர் சொல்லும் எண்ணம் எனக்கும் இல்லை. அந்த இயந்திரம் கெட்டது என்று எனக்குத் தெரியாது. நல்லது என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விடவில்லை என்பதுதான் என் குறை.

மின்மினி தம்பி, கரிக்கோவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவரைத் தெரனோஸோடு ஒரே வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கரிக்கோவும் ட்ரூ வெய்ஸ்மனும் 2005-ல் தங்கள் முடிவைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எந்த ஊரில் எந்த ஆய்வகத்திலும் அதைச் செய்து பார்க்கலாம், தப்பென்றால் தப்பு என்று சொல்லலாம். அவரிடம் பணம் இல்லை, பதவி இல்லை, ஆனால் கதவு திறந்திருந்தது. தெரனோஸில் எல்லாம் நேர்மாறு. பணம் இருந்தது, பெரிய மனிதர்கள் இருந்தார்கள், கதவு மூடியிருந்தது. ஒரு பிரிவில் வேலை பார்ப்பவர் இன்னொரு பிரிவினரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் 2015 பிப்ரவரியில், கேரிரூவின் கட்டுரைக்கு எட்டு மாதம் முன்பே, மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்: இவ்வளவு பேசப்படும் நிறுவனத்தின் ஆய்வு முடிவுகள் அறிவியல் இதழ்களில் காணோமே என்று. அவர் மோசடி என்று சொல்லவில்லை. காட்டுங்கள் என்றுதான் கேட்டார். நானும் அன்று அவ்வளவுதான் கேட்டேன்.

சந்தேகம் கரிக்கோவையும் காயப்படுத்தியது என்று சொல்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பதவி இறக்கியதும் ஒரு நிர்வாகம்தானே? வேலை தெரிந்தவர் சொல்வது மேலே இருப்பவருக்குப் பிடிக்காவிட்டால் அந்த ஆளை ஓரம் கட்டுவது. கரிக்கோ ‘முடியும்’ என்றார், எரிகா ‘முடியவில்லை’ என்றார். இருவருக்கும் நடந்தது ஒன்றுதான்.

மின்மினி

அக்கா, இப்படி நான் யோசிக்கவில்லை. ஏற்கிறேன். ஒன்று மட்டும் விடமாட்டேன்: எங்களைப்போன்ற சிறிய நிறுவனங்கள் உண்மையான தேதியைச் சொன்னால் முதலீடு கிடைப்பதில்லை. ‘ஐந்து ஆண்டு ஆகும்’ என்று எழுதிய மனுவை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பொய்த் தேதி சொல்பவர்களை மட்டும் திட்டினால் போதாது. அந்தத் தேதியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

தஞ்சைத்தறி

இது நேர்மையான பேச்சு. முன்பு ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த மெட்டா நிறுவனத்தைப் பார்க்கிறேன். 2021 அக்டோபரில் நிறுவனத்தின் பெயரையே மாற்றி, மெய்நிகர் உலகில்தான் இனி வேலையும் வாழ்வும் என்றார்கள். அந்த மெய்நிகர் உலகப் பிரிவின் நட்டம் 2022-ல் 1,370 கோடி டாலர், 2023-ல் 1,610 கோடி, 2024-ல் 1,770 கோடி. பெயர் மாற்றிய அடுத்த ஆண்டு நவம்பரில் 11,000 பேரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். கணிப்பு தவறியதற்குத் தாமே பொறுப்பு என்று மெட்டாவின் தலைவர் ஸக்கர்பெர்க் எழுதினார். பொறுப்பேற்றவர் நாற்காலியில் இருக்கிறார். வேலை இழந்தது 11,000 பேர். நான் கிளை மேலாளராக இருந்தபோது ஒரு கடன் வாராக்கடனானால் கையெழுத்துப் போட்டவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஏற்காட்டுமேகம்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாலைவனவாசி ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சேலம் மாவட்டத்தில் ஒரு அலுவலகத்தில், இயந்திரங்களுக்குக் கற்பிக்கப் படங்களுக்கு லேபிள் போடும் வேலை செய்கிறேன். வெளிநாட்டுச் சாலைகளின் படம் வரும். காரைச் சுற்றி ஒரு பெட்டி வரைய வேண்டும், மனிதரைச் சுற்றி ஒரு பெட்டி, நாயைச் சுற்றி ஒரு பெட்டி. ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று டார்கெட் உண்டு. தரம் பார்ப்பவர் பத்தில் ஒன்றைத் திறந்து பார்ப்பார். யாருக்காகச் செய்கிறோம் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரை எப்படிக் குறிப்பது என்பதற்கு எங்கள் கையேட்டில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ஏறி ஓட்டினால் இருவரும் சேர்ந்து ஒரே பெட்டி. தள்ளிக்கொண்டு போனால் மனிதருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. கைப்பிடியில் பை தொங்கினால் அதைச் சேர்க்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று அலுத்துக்கொண்டேன். அந்த 5.6 வினாடியைப் பற்றிப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. வாகனமா, சைக்கிளா, தெரியாத பொருளா என்று அந்த இயந்திரம் மாறி மாறிச் சொன்னது நாங்கள் ஒவ்வொரு நாளும் திரையில் தேர்ந்தெடுக்கும் அதே பட்டியல்தான். ‘தெரியவில்லை’ என்று ஒரு தேர்வு எங்களுக்கும் உண்டு. ஆனால் அதை அதிகம் அழுத்தினால் தர மதிப்பெண் குறையும். அதனால் இருட்டில் எடுத்த படத்தில்கூட ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவோம். என் தோழி ஒருத்தி உண்மையாக ‘தெரியவில்லை’ போட்டுக்கொண்டே இருந்தாள். அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

வைகைக்கரை அண்ணன் சொன்ன சிவப்பு, மஞ்சள், பச்சையைப் படித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது.

வைகைக்கரை

தங்கையே, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே கனமான பதிவு. ‘தானே இயங்குகிறது’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அதற்குப் பின்னால் உங்களைப்போன்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அமேசானின் வரிசையில் நிற்கத் தேவையில்லாத கடைகள் 2018 ஜனவரியில் சியாட்டிலில் பொதுமக்களுக்குத் திறந்தன. எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம், கேமரா கணக்குப் பார்த்துக்கொள்ளும். 2024-ல் தங்கள் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அதை எடுத்தபோது, இந்தியாவில் ஆயிரம் பேர் அளவில் காணொளிகளைச் சரிபார்த்து வந்ததாகச் செய்தி வந்தது. நிறுவனம் அதை மறுத்தது: நேரலையில் பார்க்கவில்லை, இயந்திரத்துக்குக் கற்பிக்க லேபிள் போடுகிறார்கள், கணக்குத் தெளிவாக இல்லாத சில கொள்முதல்களை மட்டும் சரிபார்க்கிறார்கள் என்றது. இருக்கட்டும். மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸ் வண்டிகளும் அப்படியே. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதி விழுந்த பெண்ணை அந்த ஓட்டுநரில்லா வண்டி இருபது அடி இழுத்துச் சென்றது. இழுத்ததை அதிகாரிகளுக்கு முழுமையாகச் சொல்லவில்லை என்பதால் உரிமம் போனது. அதன் பிறகுதான் தொலைவிலிருந்து அந்த வண்டிகளுக்கு எத்தனை பேர் உதவினார்கள் என்பதே வெளியில் பேசப்பட்டது. 1,000 கோடி டாலருக்கும் மேல் செலவழித்த பின், 2024 டிசம்பரில் அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தினார்கள்.

உங்கள் தோழி ‘தெரியவில்லை’ என்று போட்டது சரியான பதில். அதற்கு மதிப்பெண் குறைத்தவர்களுக்குத்தான் வேலை தெரியவில்லை. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

இந்த இழையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரைப் பார்த்தேன். மோசடி, தெரனோஸ் என்று எதையும் பேசவில்லை. நாற்பது நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு, ஒரே நேரத்தில் விரலிலும் நரம்பிலும் எடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்க்க அனுமதி தாருங்கள் என்றேன். அவர் சிறுநீரக மருத்துவர். பொட்டாசியம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விற்பனைப் பிரதிநிதியும் மறுக்கவில்லை. இளைஞர், இரண்டு நாள் எங்களோடு நின்று பெட்டிகளைத் தூக்கினார். அவருக்கும் அந்த அட்டவணையை யாரும் கொடுத்திருக்கவில்லை. நான் கேட்டபோது அவர் அடுத்த படத்துக்குப் போனது அதனால்தான்.

சர்க்கரையும் ஹீமோகுளோபினும் நன்றாகவே ஒத்துப்போயின. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பரவாயில்லை. பொட்டாசியத்தில் நாற்பதில் ஒன்பது பேருக்கு விரல் எண் கூடுதலாக வந்தது. அதில் இருவருக்கு, நரம்பில் 4.4-ம் 4.6-ம் இருக்க, விரலில் 6-ஐத் தாண்டியது. அந்த ஒன்பதிலும் இயந்திரம் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. அட்டவணையை மேலாளரின் மேசையில் வைத்தேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் மட்டும் வாங்கினால் விலை கட்டுப்படியாகாதே அக்கா” என்றார். அது அவருடைய கவலை, நியாயமான கவலையும்கூட.

பிரதிநிதி தன் நிறுவனத்துக்கு அந்த அட்டவணையை அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை பதில் வரும் என்றார். அதுவரை இயந்திரம் எங்கள் மேசையில் உறை போட்டு மூடியபடி இருக்கிறது. ஏற்காட்டுமேகம், உங்கள் தோழிக்கு இப்போது என்ன வேலை?

ஏற்காட்டுமேகம்

ரசீதுகளில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறாள் அக்கா. நீங்கள் எல்லோரும் எழுதியதை நேற்று பஸ்ஸில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஓமலூர் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, அந்த நாற்பது பேரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

சோதனைக்குழாய்

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். முடிவாகக் கொடுத்தது நரம்பில் எடுத்த எண்ணைத்தான்.